சர்வரில் கோப்புகளும் உரிமைகளும்

ஊராட்சிக் கணக்குகளும் பயனாளிகள் பட்டியல்களும் இன்று பொதுவான ஒரு சர்வரில் வைக்கப்படுகின்றன. அவற்றை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை முன்னதாகவே வகுத்துவிடுதல் அவசியம். இதில் நாம் ஒரு முறை தவறினோம். பண்ணைக்குட்டைப் பயனாளிகளின் பட்டியலைப் ‘படிக்க மட்டும்’ என்று அமைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் பட்டியலையே காணவில்லை. வேறு பிரிவு எழுத்தர் ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார். விவசாயிகள் சிட்டா நகலுடன் மறுபடியும் அலைய நேர்ந்தது.

காரணம் யாது? லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்பை அழிப்பதற்கு அக்கோப்பில் எழுதும் உரிமை தேவையில்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுதவும் நுழையவும் உரிமை இருந்தால் போதும். நோட்டைக் கட்டி முத்திரையிட்டுவிட்டுப் பீரோவைத் திறந்து போட்டது போன்றதே நம் செயல்.

உரிமைகளுக்கு எண்கள் உண்டு: படிக்க 4, எழுத 2, நுழைய 1. கோப்புறைக்கு 750 என்று இட்டால் உடையவருக்கு மூன்று உரிமைகளும், குழுவினருக்குப் படிப்பதும் நுழைவதும் மட்டுமே உண்டு, பிறருக்கு ஒன்றுமில்லை. குழுவினர் யாவரும் எழுதவேண்டிய கோப்புறையாயின் 1770 என்று இடுதல் நலம். முன்னுள்ள 1, குழுவில் ஒருவர் கோப்பை மற்றொருவர் அழிக்கவொட்டாது. 777 என்று இட்டு வேலையைச் சுலபமாக முடிப்பாரும் உளர். அது திண்ணையில் வைத்த பணப்பெட்டி.

ஊராட்சிச் செயலர் தம் ஊரிலிருந்தே எஸ்.எப்.டி.பி. வழியாகக் கோப்பு அனுப்புங்கால், அவரைத் தம் கோப்புறைக்குள்ளேயே நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல்கோப்புறை ‘ரூட்’ என்னும் நிர்வாகியின் பெயரில் இருத்தல் வேண்டும். செயலருக்கு அதில் எழுதும் உரிமை கூடாது. உள்ளே ஒரு கோப்புறையை மட்டும் அவர் பெயருக்கு அளிக்கலாம். இன்றேல் இணைப்பே கிட்டாது. இதைக் கண்டுபிடிக்க நமக்கு அரை நாள் பிடித்தது.