இரண்டு இலக்கம், ஒரே ஆள்

நெல்லியடி

அன்புள்ள மருமகளுக்கு,

உயர்தரத்தில் பைதன் படித்த நீ கம்பஸில் ஜாவா தொடங்கிவிட்டாய் என்று அம்மா சொன்னா. நீ எழுதாத முறைகள் உன் வகுப்புக்குள் எப்படி வந்தன என்று கேட்டிருந்தாய். அதை ஆறுதலாக எழுதுகிறேன்.

ஜாவாவில் ஒரு வகுப்புக்குப் பெற்றோர் யாரென்று நீ சொல்லாவிட்டால், கம்பைலர் அதை ஒப்ஜெக்ட் என்ற மூல வகுப்பின் பிள்ளையாக எடுத்துக்கொள்ளும். வேறு பெற்றோரைச் சொன்னாலும் பரம்பரை மேலே ஏறி ஒப்ஜெக்டில்தான் முடியும். பைதன் 3 இலும் இப்படித்தான்; சி பிளஸ் பிளஸில் இப்படியொரு பொது மூலம் இல்லை. ஒப்ஜெக்ட் தரும் முறைகள் 11. அவற்றில் மூன்றை நீ அடிக்கடி தொடுவாய்: டுஸ்ட்ரிங், ஈக்குவல்ஸ், ஹாஷ்கோட்.

டுஸ்ட்ரிங் ஒரு பொருளை எழுத்தாக்கித் தரும். நீ மாற்றி எழுதாவிட்டால் வகுப்பின் பெயரும் ஒரு பதினாறடிமான எண்ணும்தான் திரையில் வரும். பார்த்தவுடனே குறை தெரியும், திருத்திவிடுவாய். மற்ற இரண்டும் அப்படிச் சத்தம் போடாது.

நூலகமொன்றுக்கு அங்கத்தவர் பட்டியல் செய்கிறாய் என்று வைத்துக்கொள். நம் நாட்டில் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படுவதில் 12 எண்கள். பழையதைப் புதியதாக்க எழுத்தை நீக்கி, முன்னே 19 சேர்த்து, முதல் ஐந்து எண்களுக்கும் கடைசி நான்குக்கும் இடையில் ஒரு 0 வைக்க வேண்டும். ஒருவர் முன்பு பழைய இலக்கத்தோடு பதிந்தார், இன்று புதியதோடு வருகிறார். ஆள் ஒருவரே. ஆனால் ஒப்ஜெக்ட் தந்த ஈக்குவல்ஸ், அந்த இரண்டு பதிவுகளும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டும்தான் பார்க்கும். இல்லை என்று சொல்லிவிடும்.

ஆகவே இலக்கங்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடும் ஈக்குவல்ஸை நீயே எழுது. அதன் பராமீற்றரின் வகை ஒப்ஜெக்டாகவே இருக்கட்டும். அங்கத்தவர் என்ற உன் வகுப்பைப் போட்டால் பரம்பரை முறை மாறாது, பக்கத்தில் புதிதாக இன்னொரு முறைதான் முளைக்கும். மேலே ஓவர்ரைட் குறியை இட்டால் கம்பைலரே இதைப் பிடித்துத் தரும்.

அதோடு நிறுத்திவிடாதே. அங்கத்தவர்களை ஹாஷ்செட் என்ற தொகுப்பில் வைத்தால், அது முதலில் பொருளின் ஹாஷ்கோட் எண்ணைக் கேட்டுத்தான் எந்த அறையில் தேடுவதென்று முடிவெடுக்கும்; ஈக்குவல்ஸை அழைப்பது அதற்குப் பிறகுதான். ஹாஷ்கோட்டைப் பழையபடி விட்டால் அந்த ஒருவர் பட்டியலில் இருவராக நிற்பார், பிழைச்செய்தி ஒன்றும் வராது. சமமான இரண்டுக்கு ஹாஷ்கோட்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது கட்டாயம். பைதன் 3 இதில் கண்டிப்பானது: சமத்தை மட்டும் எழுதி ஹாஷை விட்டால் அந்தப் பொருளை செட்டில் சேர்க்கவே விடாது. இன்னொன்று, ஹாஷ்கோட்டை முகவரி, தொலைபேசி போல மாறக்கூடியவற்றிலிருந்து கணக்கிடாதே. அவை மாறியதும் பொருள் செட்டுக்குள் இருந்தும் தேடினால் அகப்படாது.

2021 இல் ஜாவா 16 உடன் நிலைபெற்ற ரெக்கோட் வகை இந்த மூன்று முறைகளையும் தானே எழுதித் தரும். ஆனாலும் பழைய இலக்கமும் புதிய இலக்கமும் ஒருவருடையவை என்று அதற்குத் தெரியாது. உலகத்துக்கெல்லாம் பொதுவான மூல வகுப்புக்கு நம் அடையாள அட்டையின் வழக்கம் எப்படித் தெரியும்? அதைத் தெரிந்தவள் நீ. வகுப்பொன்றை எழுதத் தொடங்குமுன், இதில் எப்போது இரண்டும் ஒன்று என்பதை ஒரு வரியில் கொப்பியில் எழுதிவை. ஈக்குவல்ஸையும் ஹாஷ்கோட்டையும் அந்த வரியைப் பார்த்தே எழுது.

அன்புடன்,
மாமா