பைல் சுருங்கட்டும், கணக்கு மாறக் கூடாது

வாழைச்சேனை என்றதும் ஒரு காலத்தில் கடதாசி ஆலைதான் எல்லோருக்கும் நினைவு வரும். 1950களில் அந்த ஆலை தொடங்கப்பட்டபோது நமது வியாபாரம் முழுவதும் கடதாசியில்தான் நடந்தது. இன்று கொழும்பிலுள்ள வங்கியோ கம்பனியோ கடதாசியைக் கேட்பதில்லை. "ஸ்கேன் பண்ணி மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்றுதான் சொல்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும், உயில், காணி விற்பனை ஒப்பந்தம் போன்ற சிலவற்றைத் தவிர, இவ்வாறான ஆவணங்களை ஏற்றுக் கொள்கிறது.

பாசிக்குடா ஹோட்டலொன்றுக்கு மீன் வழங்க விலைமனு கொடுக்கும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். வியாபாரப் பதிவு, அடையாள அட்டை, வங்கிக் கூற்று, விலைப்பட்டியல் என்று பன்னிரண்டு பக்கங்கள். பிற்பகல் மூன்று மணியுடன் நேரம் முடிகிறது. இரண்டரை மணிக்கு அனுப்பியது "பைல் பெரிது" என்று திரும்பி வந்தால், அவர் கொடுத்த விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைப் பார்க்க ஆளில்லை. எனவே பைலைச் சிறிதாக்குவது கணினி படித்தவரின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அது வியாபாரியின் வேலையும்தான்.

ஏன் திரும்பி வருகிறது?

ஜிமெயிலில் 25 மெகாபைட் வரை இணைத்து அனுப்பலாம். ஆனால் பெறுபவரின் பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. பல நிறுவனங்கள் 10 மெகாபைட்டுடன் நிறுத்தி விடுகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். மின்னஞ்சல் முறை எழுத்துகளைக் கொண்டு செல்வதற்காக உருவானது. ஆகவே நாம் இணைக்கும் பைல் எழுத்துகளாக மாற்றப்பட்டே போகிறது. அப்போது மூன்று பங்கு நான்கு பங்காகிறது. நமது கணினியில் 9 மெகாபைட் என்று காட்டும் பைல் வழியில் 12 மெகாபைட்டாகிறது. எல்லை 10 என்றால் 7 மெகாபைட்டுக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஸ்கேன் செய்யும்போதே குறையுங்கள்

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் பதிவாகின்றன. சுருக்காமல் வைத்தால் அது வர்ணத்தில் 26 மெகாபைட், சாம்பல் நிறத்தில் 8.7 மெகாபைட், தனிக் கறுப்பு வெள்ளையில் ஒரு மெகாபைட்டுக்குச் சற்றுக் கூட. தாள் ஒன்றுதான், ஆனால் நிறை இருபத்து நான்கு மடங்கு வித்தியாசம்! புள்ளி அளவை 300இலிருந்து 150 ஆக்கினால் பைல் பாதியாவதில்லை, காற்பங்காகிறது. நீளத்திலும் அகலத்திலும் ஒருசேரக் குறைவதே காரணம்.

ஆகவே கொமியூனிகேஷன் கடையில் தாளைக் கொடுக்கும்போதே இப்படிச் சொல்லுங்கள்:

1. வெறும் எழுத்துள்ள பக்கம் என்றால் 200 புள்ளி, கறுப்பு வெள்ளை. நாம் முன்பு பாவித்த பெக்ஸ் இயந்திரத்தின் தெளிவான தரமும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

2. சீல் அல்லது கையொப்பம் எழுத்தின் மேல் விழுந்திருந்தால் சாம்பல் நிறம் அல்லது வர்ணம். தனிக் கறுப்பு வெள்ளையில் நீலச் சீல் கறுப்புத் திட்டாகி, கீழேயுள்ள இலக்கத்தை மறைத்து விடும்.

3. கணினியில் தட்டச்சு செய்த கடிதத்தை அச்சிட்டுத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டாம். வேர்டில் இருந்து நேரடியாகப் பி.டி.எப். ஆகச் சேமித்தால் பைல் சிறியதாகவும் எழுத்து தெளிவாகவும் இருக்கும்.

4. வேர்டில் படங்கள் இருந்தால், படத்தைச் சுருக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். படத்தின் ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி பைலுக்குள் ஒளிந்திருக்கும். அதை நீக்கும்படியும் அங்கேயே தெரிவு செய்யலாம்.

5. 'சிப்' செய்தால் எல்லாம் குறையும் என்று நம்ப வேண்டாம். ஸ்கேன் செய்த பி.டி.எப்., ஜேபெக் படம் ஆகியவை ஏற்கனவே சுருக்கப்பட்டவை. அவற்றில் சிப் செய்து பெரிதாக எதுவும் குறையாது.

6. கையடக்கத் தொலைபேசியில் வெறுமனே படம் எடுப்பதை விட, கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியைப் பாவியுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அல்ல, ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது தானாகவே சுருக்கி விடும்.

சுருக்கினால் என்ன போகிறது?

ஜேபெக் முறையின் அடிப்படைக் கணக்கை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அஹ்மத். நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் அதனை வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் தரம் அதன் மேல்தான் நிற்கிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுவதே இந்த முறையின் இரகசியம். மீன், பழம், கடையின் முகப்பு போன்ற படங்களுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் மிகையாகச் சுருக்கினால் சிறிய எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலாகி, 3 எது 8 எது என்று தடுமாற வைக்கும்.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று 2013இல் கிடைத்தது. ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், சிரொக்ஸ் நிறுவனத்தின் சில பெரிய பிரதி இயந்திரங்கள் இலக்கங்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீற்றர் என்றிருந்த மூன்று அறைகளும் ஸ்கேன் செய்த பின் 14.13 என்றே வந்தன. ஒரு செலவுப் பட்டியலில் 65 என்பது 85 ஆகிவிட்டது. இடத்தை மிச்சம் பிடிக்க, ஒன்று போல் தெரியும் எழுத்துகளில் ஒன்றை மட்டும் சேமித்து மற்ற இடங்களிலும் அதையே ஒட்டும் சுருக்கல் முறைதான் காரணம். மங்கலாக வந்திருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். இலக்கம் தெளிவாக, ஆனால் பிழையாக வந்தது. நிறுவனம் பின்னர் திருத்தத்தை வெளியிட்டது.

எல்லா இயந்திரங்களும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் கிலோ 650 ரூபா என்று நாம் எழுதியது 850 என்று போனால் விலைமனு நழுவும். 850 ரூபா 650 ஆனால் நட்டத்தில் மீன் கொடுக்க வேண்டி வரும். இரண்டுக்கும் கொடுத்தவர்தான் பொறுப்பு.

பிறர் கையில் கொடுக்கும் முன்

இணையத்தில் இலவசமாகப் பைல் சுருக்கித் தரும் தளங்கள் ஏராளம். விலைப்பட்டியலுக்கு அவை பரவாயில்லை. ஆனால் அடையாள அட்டை, வங்கிக் கூற்று, பங்காளியின் கையொப்பம் ஆகியவற்றை முன்பின் தெரியாத ஒரு தளத்துக்கு ஏற்றுவது, சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமம். பங்காளியின் ஆவணம் நம்மிடம் உள்ள அமானிதம். அதை நமது கணினியிலேயே சுருக்குவோம். கடைக் கணினியில் ஸ்கேன் செய்தால், வேலை முடிந்ததும் நமது பைலை அங்கிருந்து அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டு வருவோம்.

சுருக்காத மூலப் பிரதியை எப்போதும் தனியாக வைத்திருங்கள். சுருக்கிய பைலைத் திறந்து, தொகை, கணக்கு இலக்கம், திகதி ஆகிய மூன்றையும் கடதாசியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே அனுப்பி, கிடைத்ததா, திறக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு விடுங்கள். திரும்பி வந்தாலும் மறுபடி அனுப்ப அப்போது நேரமிருக்கும்.