எந்தத் தேதி, எந்தப் பள்ளத்தாக்கு?

அன்புள்ள மருமகளுக்கு,

லாஹௌல்-ஸ்பிதிக்கு மாவட்டக் குறிப்பு எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள். குரலில் பாதி பெருமை, பாதி பயம். பயம் அவளுக்கு வேண்டாம், உனக்குக் கொஞ்சம் இருக்கட்டும். நீ மாதிரிக்கு அனுப்பிய பழைய குறிப்பைப் படித்தேன். பரப்பு 13,841 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 31,564, சதுர கிலோமீட்டருக்கு 2 பேர், தலைமையிடம் கேலாங். ஒன்றும் தப்பில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாவட்டத்துக்கு ஒரு லாரி அரிசிகூட அனுப்ப முடியாது. எந்த வழியாக, எந்த மாதத்தில் என்பது அதில் இல்லையே!

அந்த '2 பேர்' கணக்கையே எடுத்துக்கொள். இமாச்சலப் பிரதேசத்தின் பரப்பில் கிட்டத்தட்ட கால்வாசி இந்த ஒரு மாவட்டம், மக்களில் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் வந்த வகுத்தல் விடை அது. அப்படி ஆளுக்கு அரை சதுர கிலோமீட்டரில் அங்கே யாரும் வாழவில்லை. பனியும் பாறையும் போக, உழுகிற நிலம் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆற்றோரத்து மண் திட்டுகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். சாகுபடி நிலத்துக்கு எத்தனை பேர் என்று போட்டுப் பார், வேறு மாவட்டம் ஒன்று தெரியும்.

அடுத்தது தேதி. இதை அழுத்திச் சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடெங்கும் பிப்ரவரியில் நடந்தது. பனி மூடும் பகுதிகளில் மட்டும் 2010 செப்டம்பரிலேயே, அதாவது அக்டோபர் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து, எடுத்து முடித்துவிட்டார்கள். செப்டம்பரில் அங்கே யார் இருப்பார்கள் என்று யோசி. குல்லு பக்கம் இன்னொரு வீடு வைத்திருக்கும் லாஹௌல் குடும்பங்கள் அறுவடைக்காக ஊரில் இருக்கும். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சாலை வேலைக்கு வந்த ஆட்கள் தகரக் கொட்டகைகளில் இருப்பார்கள். பனி விழத் தொடங்கினால் கொட்டகை காலி, பல வீடுகளும் பூட்டு. உன் 31,564 ஒரு செப்டம்பர் மாதத்து எண். ஜனவரிக்கு அதை வைத்து மருந்து ஒதுக்கினால் கணக்கு உதைக்கும்.

இன்னும் ஒன்று. ஆயிரம் ஆண்களுக்கு 903 பெண்கள் என்று இருக்கிறது பார், 2001-ல் அது 802. இதைப் பார்த்ததும் பெண் குழந்தையை வேண்டாத ஊர் என்று எழுதக் கை துடிக்கும். எழுதிவிடாதே. அதே கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தனியாகப் பார்த்தால், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஆயிரத்துக்கும் மேல் பெண் குழந்தைகள். நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் விகிதம். கூலிக்கு வந்தவர் பிள்ளைகுட்டியோடு வருவது குறைவு, வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெரியவர்களின் கணக்கைக் கீழே இழுத்தது அந்தக் கொட்டகைதான். அதற்காகக் குழந்தைக் கணக்கைத் தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம். மாவட்டம் முழுக்கவே குழந்தைகள் சில ஆயிரம் பேர்தான், நூறு பேர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் ஆடும். அடுத்த கணக்கெடுப்புக்கும் பனிப் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1 என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். ஆகவே இந்தச் சிக்கல் உன்னோடு முடியப்போவதில்லை.

சரி, இனி பள்ளத்தாக்கு. லாஹௌல் ஒன்று, ஸ்பிதி வேறொன்று. சந்திரா ஆறும் பாகா ஆறும் தாண்டி என்ற இடத்தில் கூடிச் செனாப் ஆகப் போகும் பக்கம் லாஹௌல். ஸ்பிதி ஆறு கின்னௌர் எல்லை தாண்டிச் சட்லெஜில் சேர்கிறது. நடுவே 4,500 மீட்டருக்கு மேலான குன்சும் கணவாய். 1846 வரை ஸ்பிதி லடாக்கோடு இருந்தது. லாஹௌல் குல்லுவோடு சேர்த்து ஆளப்பட்டது. 1960-ல் பஞ்சாப் அரசு இரண்டையும் சேர்த்து ஒரு மாவட்டமாக்கியது, 1966-ல் அது இமாச்சலுக்கு வந்தது. கணவாய் மூடினால் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவிலிருந்து கேலாங்குக்கு நேர் வழி கிடையாது. கின்னௌர், ராம்பூர், மண்டி, குல்லு என்று பாதி மாநிலத்தைச் சுற்றித் தன் மாவட்டத் தலைநகருக்கே வரவேண்டும். காசாவில் ஒரு கூடுதல் துணை ஆணையரை வைத்து, எல்லாத் துறைகளையும் அவர் கையில் கொடுத்த ஏற்பாடு 1986-ல் வந்தது இதனால்தான். நிர்வாகமே ஒப்புக்கொண்ட பிரிவு இது. உன் அட்டவணை மட்டும் ஏன் சேர்த்துக் கூட்ட வேண்டும்?

2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை இந்த இடைவெளியைக் கூட்டியிருக்கிறது என்பது என் எண்ணம். 9.02 கிலோமீட்டர் சுரங்கம், ரோஹ்தாங் கணவாயை நம்பியிருந்த லாஹௌலுக்குக் குளிர்காலத்தைத் திறந்துவிட்டது. லாஹௌலின் சிசு கிராமத்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் தேடுகிறார்கள். ஸ்பிதிக்கு அதனால் குளிர்காலத்தில் பெரிய லாபமில்லை. '2020-க்குப் பின் போக்குவரத்து மேம்பட்டது' என்று ஒரே வரியில் எழுதினால் ஸ்பிதிக்காரர் சிரிப்பார்.

ஸ்பிதியில் நீ நிதானமாகப் பார்க்க வேண்டியது தண்ணீர். மழை பெயருக்குத்தான். பனியாறு உருகும் தலைமாட்டிலிருந்து ஊர் வரை கல் பாவிய வாய்க்கால் வரும், 'கூல்' என்பார்கள். ஊருக்கு மேலே வட்டமான ஒரு தொட்டி. இரவெல்லாம் வருவது அதில் நிறையும். காலையில் மடை திறப்பார்கள், சாயங்காலம் தொட்டி வற்றியதும் அடைப்பார்கள். அவ்வளவுதான் ஒரு நாள் பாசனம். முறைத்தண்ணீருக்கு நம் பக்கம் நடக்கும் சண்டையெல்லாம் தெரிந்தவள் நீ. அங்கே முறை யாருடையது என்று கேள். பழைய வழக்கப்படி அது ஊரின் பெரிய வீடுகளுடையது. மற்றவர் அவர்களிடம் கேட்டு வாங்கவேண்டும். பெரிய வீடு மூத்த மகனுக்குப் போகும், நிலமும் கூடவே. பெற்றோர் பக்கத்திலுள்ள சின்ன வீட்டுக்கு மாறுவார்கள், இளையவர்கள் மடாலயத்துக்குப் போவார்கள். நிலத்தைத் துண்டாடாமல் வைத்த வழக்கம் இது. இளையவனுக்கும் மகளுக்கும் அதன் விலை என்ன என்பது வேறு கதை. 'பாசன வசதி: உண்டு' என்று ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்தால் இதில் ஒன்றும் உன் தாளில் ஏறாது. படிக்கப் போகும் இளையவர்கள் இப்போது மடாலயத்துக்குப் பதில் சிம்லாவுக்கும் சண்டிகருக்கும் போகிறார்கள். ஆகவே பழைய வழக்கத்தை இன்றைய நடப்பாக எழுதிவிடாமல் ஊர் ஊராகக் கேட்டே எழுது.

பயிர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாஹௌல் விதை உருளைக்கிழங்குக்குப் பேர் போனது. குளிரில் நோய் பரப்பும் அசுவினி தழைக்காததால் விதை சுத்தம். ஸ்பிதியில் பட்டாணி. சமவெளியில் பச்சைப் பட்டாணி இல்லாத நேரத்தில் காய்ப்பதால் விலை. லாஹௌல் கையுறைக்கும் காலுறைக்கும் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, உனக்கே ஒரு ஜோடி தேவைப்படும்.

மதம் என்ற கட்டத்தை நிரப்புவதற்கு முன் திரிலோகிநாத் கோயிலுக்குப் போய் வா. ஒரே சிலை, இந்துக்களுக்குச் சிவன், பௌத்தர்களுக்கு அவலோகிதேஸ்வரர். 996-ல் எழுந்த தாபோ மடாலயத்தைப் பார்க்காமல் வந்தால் உன்னோடு பேசமாட்டேன். 'உலகின் உயரமான' என்று தொடங்கும் பலகைகளைப் படமெடுத்து அனுப்பாதே, அவை இங்கே வாட்ஸாப்பில் நிறையக் கிடைக்கின்றன.

உடம்பு விஷயம். காசா 3,600 மீட்டருக்கு மேல். முதல் இரண்டு நாள் வேலை வைத்துக்கொள்ளாதே, மாடிப்படிகூட மெதுவாக ஏறு. முடிந்தால் மணாலி வழியே ஒரேயடியாக ஏறாமல் சிம்லா, கின்னௌர் வழியாகப் போ, உயரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். தலைவலியோடு வாந்தியும் வந்தால் வீரம் காட்டாமல் கீழே இறங்கிவிடு.

நீ செய்ய வேண்டியது இவ்வளவே: ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடு. ஒன்றில் எந்த மாதத்து எண், மற்றதில் எந்தப் பள்ளத்தாக்கு. உன் மேலதிகாரி தாள் நீளுகிறது என்று முணுமுணுப்பார், பின்னிணைப்பாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல். சாலைத் தொழிலாளர் முகாம்களின் கூலிப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு இப்போதே கடிதம் போடு, பதில் வர நாளாகும். வரைவை எனக்கு அனுப்பும்போது அட்டவணையைப் படமாக அனுப்பாமல் எக்செல் கோப்பாகவே அனுப்பு. என் கண்ணாடி பழசு.

அன்புடன்,
மாமா