அம்மப்பாவின் கஜபாகு

எங்கள் அம்மப்பா அறுபதுகளில் கடற்படையின் கஜபாகு கப்பலில் இருந்தவர். இப்போது ஓடும் கஜபாகுவும் அதுதானா? பழைய கப்பலின் வரலாற்றை எப்படித் தேடுவது?
— வாசகி, பேசாலை

அது வேறு, இது வேறு. இப்போதுள்ளது அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் இருந்து வந்து, 2019இல் நம் கடற்படையில் சேர்ந்த கப்பல்.

அம்மப்பாவின் கப்பலைக் கஜபாகு என்று மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும். முதற்பெயர் ஹலோவெல், இலக்கம் கே666. 1944இல் கனடாவின் மொன்றியலில் கட்டிய, ஏறக்குறைய 92 மீற்றர் நீளமான பிரிகேட் அது. அத்திலாந்திக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காத்தது. பிறகு இஸ்ரேலிடம் 'மிஸ்னாக்' ஆனது. 1959இல் இலங்கை அதை வாங்கியது. கூடவே வந்த இன்னொரு கனடியப் பிரிகேட்தான் மகாசேன. எத்தனை பெரிய வாழ்வு அந்தக் கப்பலுக்கு! 1978இல் உடைத்துவிட்டார்கள்.

இராமர் அணைத் திட்டுகளின் ஆழமற்ற நீரைக் கடந்து இவ்வளவு பெரிய கப்பல் போகமுடியாது. அதனால் தலைமன்னார்ப் பக்கத்துப் பெரியவர்கள் அதைக் கண்டதில்லை என்றால் குழம்பவேண்டாம்.

வீட்டில் அம்மப்பாவின் சேவைச் சான்றிதழ் இருந்தால் முதலில் அதை எடுங்கள். 1972க்கு முந்திய தாள்களில் 'றோயல் சிலோன் நேவி' என்றே இருக்கும்.