புறக்கடைக் கோழிக் குஞ்சுகளின் முதல் வாரங்கள்

பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆதலின், நீலசந்திரா போன்ற நெருக்கமான பகுதிகளில் இருக்கும் சில கோழிகளோடு புதுக் குஞ்சுகளைச் சேர்ப்போர் இரவுக் குளிரை முதலில் கருதவேண்டும். பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கரு இரண்டொரு நாளைக்கு உணவாகும். ஆனால் அதன் மென்தூவி உடற்சூட்டைக் காக்கப் போதாது.

முதல் வாரத்தில் குஞ்சுகளின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 3 டிகிரி குறைத்து வரலாம். வெப்பமானி இல்லையெனில் குஞ்சுகளைக் கொண்டே அளவறியலாம். அவை விளக்கடியில் நெருங்கிக் குவிந்தால் வெப்பம் போதாது. அடியிலுள்ளவை நசுங்கி மடியும். விலகிநின்று வாய் திறந்து இரைத்தால் வெப்பம் மிகுதி. பரவி நின்று இரை பொறுக்கினால் அளவு சரியானது.

ஹெப்பாளில் உருவாக்கப்பட்ட 'கிரிராஜா' புறக்கடைக்கு ஏற்றது. எனினும் அது கலப்பினம். அதன் முட்டைகளைப் பொரிக்க வைத்தால் தாயின் குணங்கள் ஒருசீராக அமைவதில்லை. ஆகவே குஞ்சுகளைப் புதிதாக வாங்குவதே நன்று.

வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்திலேயே கண்ணில் தடுப்பு மருந்துச் சொட்டு இடவேண்டும். நோய்க்குறி காட்டாத பெரிய கோழியும் நோயைப் பரப்பக்கூடும். எனவே இறகு முளைத்து, உருவில் ஓரளவு ஒத்து வரும்வரை குஞ்சுகளைத் தனியே வளர்த்தல் இன்றியமையாதது.