நடுவதற்கு முன் மண்ணைத் தேற்றுவோம்

புது இடத்தில் குடியேறியதும் உடனே பயிர் வைக்க மனம் அவசரப்படும். ஆனால் தேயிலை பிடுங்கிய பழைய சரிவில் மேல்மண் பெரும்பாலும் மழையோடு போயிருக்கும். அங்கே இடும் உரமும் மழையோடுதான் போகும்.

1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் 18 முதல் 24 மாதங்கள் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்த பின்னரே புதுக் கன்று நடவேண்டும் என்பது அதன் ஆலோசனை. மானா நமது மலைப் புற்றரைகளில் தானாகவே வளரும் புல்.

செய்யும் விதம்:
1. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுங்கள்.
2. மழை தொடங்கும்போது மானாத் தூரைப் பிரித்து நடுங்கள்.
3. வளர்ந்ததும் வெட்டி அங்கேயே பரப்புங்கள். வேர் மண்ணைப் பிடிக்கும். தழை மக்கி உரமாகும்.
4. மாட்டுக்கு எல்லாவற்றையும் அறுத்துச் சென்றால் மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது.
5. தீ வைக்காதீர்கள். வெறும் நிலத்தை அடுத்த மழை அரித்துவிடும்.

அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? நிலம் முழுவதையும் புல்லுக்கு விடவேண்டாம். மண் நல்ல பகுதியில் மரக்கறி போடுங்கள். மெலிந்த பகுதியில் மட்டும் புல் நடுங்கள். அது தேறியபின் அடுத்த பகுதி.

கூடிப் பேச: நமது நிலத்தில் மண் மிகவும் மெலிந்த இடம் எது? அங்கே இந்த மழைக்கு என்ன நடப்போகிறோம்?