கிழக்குத் தாம்பரமா, மேற்குத் தாம்பரமா?

பள்ளி ஜூனில் திறப்பதால் குடும்பங்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வீடு மாறுகின்றன. சென்னையில் தரை காய்ந்து கிடக்கும் நேரம் அது. அப்போது எந்தத் தெருவும் நல்ல தெருவாகவே தெரியும். தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள சேலையூருக்கும் மேற்கே உள்ள முடிச்சூருக்கும் நடுவே தயங்குபவர்கள் வாடகையை ஒப்பிடுவதற்கு முன் தண்ணீரைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதற்காக முடிச்சூர் முழுவதையும் ஒதுக்குவது நியாயமில்லை, சேலையூர் முழுவதும் மேடு என்று நம்புவதும் தவறு. பார்க்க வேண்டியது ஊர்ப்பெயரை அல்ல, தெருவை. காம்பவுண்டு சுவரில் பழைய நீர்க்கறை எந்த உயரத்தில் நிற்கிறது? மின் மீட்டரைப் பிற்பாடு மேலே ஏற்றியிருக்கிறார்களா? ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வாசற்படி பள்ளத்துக்குப் போய்விட்டதா? தரகர் சொல்லாததை இவை சொல்லிவிடும்.

எப்போதோ வரும் வெள்ளத்துக்காக மாதாமாதம் கூடுதல் வாடகை எதற்கு என்று கேட்கலாம். கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரோ இல்லாத வீட்டுக்கு, அதுவும் மாடியில் குடியிருந்தால், அந்தக் கேள்வி சரியானதே. தரைத்தளம் என்றால் ஒருமுறை நனையும் பீரோ, பிரிட்ஜ், சான்றிதழ்களின் விலையையும் கணக்கில் சேருங்கள். இன்னொன்று: இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. பள்ளி அந்தப் பக்கம் இருந்தால், ஒரு வேலைநாள் காலை எட்டு மணிக்கு அந்த வழியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.